காளான் சார் பார்த்த செடி

எனக்கு இரண்டு வேலைகள் தெரியும். பஸ் ஓட்டுவது, பொய் சொல்வது. முதலாவதிலிருந்து மாலை போட்டு, கைக்கடிகாரம் கட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதற்கு ஓய்வு வயது கிடையாது.

பொய் என்பது என் அக்கா வைத்த பெயர். நான் அதைக் கொஞ்சம் ஊதிவிடுவது என்பேன். பலூனை எவ்வளவு ஊதினாலும் உள்ளே இருக்கிற ரப்பர் நிஜம்தானே? அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால், ஜன்னலைத் திறந்து, கையை நீட்டி, உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் தூறுது. அந்தப் பக்கம் தெரியாது” என்று சொல்கிற ரகம். ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். எங்கே பிரிந்தோம் என்றுதான் புரியவில்லை.

அக்காவுக்குச் செடிகளோடு வேலை. உலகத்துச் செடிகளையெல்லாம் பிடுங்கி, காயவைத்து, தாளில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கிற ஒரு பெரிய கட்டடம். உள்ளே நுழைந்தால் பழைய வைக்கோலும் பூச்சி மருந்தும் கலந்த வாசனை வரும். அங்கேதான் அத்தானும் இருந்தார். அவர் செடிகளைப் படம் வரைபவர். இதழின் விளிம்பில் இருக்கிற ரோமத்தை ஒவ்வொன்றாக வரைவார். வரைந்து முடித்ததும் அந்த ரோமங்கள் காற்றில் அசையும்; நானே பார்த்திருக்கிறேன். அக்கா “பொய்” என்றாள். அத்தான் மட்டும், “மெதுவா சொல்லு மாப்ளே, அசையறது நின்னுடப் போகுது” என்றார். அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே ரசிகர் அவர்தான்.

அத்தானுக்குக் கட்டடத்தில் இன்னொரு பெயர் உண்டு. காளான் சார். அது வந்த கதையை நான் ஊதாமலே சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் அவர் தனியாக மலைக்காட்டுக்குப் போயிருந்தார். சரிவு ஒன்றில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் அப்படியே மண்டியிட்டுவிட்டார். மக்கிய இலைகளுக்கு நடுவே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூ. இலை கிடையாது. பச்சை என்பதே எங்கும் கிடையாது. மெழுகில் செய்த குட்டிக் கூஜா மாதிரி, உள்ளே விளக்கு வைத்ததுபோல் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. கூஜாவின் வாயிலிருந்து மூன்று நூல்கள் எழும்பி, மேலே ஒன்றாகச் சேர்ந்து, கூடைக்குக் கைப்பிடி வைத்ததுபோல் இருந்தன.

வெயிலே வேண்டாத செடி அது. மற்ற செடிகளெல்லாம் வெயிலில் நின்று சமைத்துச் சாப்பிடும். இது அடுப்பே பற்றவைக்காது. மண்ணுக்குள் மரத்தின் வேரோடு குடித்தனம் பண்ணுகிற பூஞ்சையிடமிருந்து சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, வருஷம் முழுக்கப் பூமிக்குள் படுத்திருக்கும். பூக்க மட்டும் மழைக்காலத்தில் தலையை நீட்டும். இதை அத்தான் முதன்முறை விளக்கியபோது, “எங்க சித்தப்பா ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான் அத்தான், பூக்கறது மட்டும் கிடையாது” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மை புட்டி கவிழ்ந்தது.

அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அத்தான் அதைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் படுத்து, பென்சிலால் வரைந்துகொண்டு, விதை வைக்கட்டும் என்று விட்டுவிட்டு, அக்காவைக் கூட்டிப்போய்க் காட்ட ஊருக்கு ஓடி வந்தார். இரண்டு பேரும் திரும்பிப் போனபோது செடி மட்டுமல்ல, அந்தச் சரிவே இல்லை. மழையில் மரங்களோடு இடிந்து கீழே ஆற்றில் கிடந்தது.

அவர்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. புதுச் செடி என்று சொல்ல வேண்டுமானால், பிடுங்கிய செடி கையில் இருக்க வேண்டும். அதற்கு மாதிரி என்று பெயர். நூறு பேர் பார்த்திருந்தாலும் மாதிரி இல்லையென்றால் செடி இல்லை. அத்தான் படத்தை விரித்து வைத்தார். அப்போதைய தலைவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “மாதிரி எங்கே?” என்று கேட்டார். “மழைல தனியா போனீங்க, பசி வேற. காளானா இருக்கும் சார்” என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அன்று வைத்த பெயர். அதற்கப்புறம் வந்த சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எதனால் என்றே தெரியாது. வாய் நிறைய மரியாதையோடு, “காளான் சார், டீ சாப்பிட வர்றீங்களா?” என்பார்கள். அத்தானும் போவார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் பக்கத்துச் சரிவுகளில் தேட ஆரம்பித்தாள். எனக்கு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஜீப் ஓட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டுநர் வேலை எனக்கே நிரந்தரமாயிற்று.

இந்த முறை போனது வேறு மாதிரி. அத்தானின் நுரையீரல் கைவிட்டுவிட்டது. கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அவர் மூக்கிலிருந்து குழாய் அதற்குப் போகும். டாக்டர் மழை தொடங்குவதைப் பற்றிப் பேசினார். மழை முடிவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்கா அதைக் கவனித்தாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்:

“டேய், இந்தத் தடவை கிடைச்சாகணும். அவர் இருக்கும்போதே அவர் கண்ணுல காட்டணும்.”

“கிடைக்கும்க்கா. நான் வேணா காட்டையே ஜீப்புல ஏத்திக் கொண்டுவந்து வாசல்ல இறக்கறேன்.”

“உளறாதே. டயர் பாரு.”

காட்டில் பெய்த மழையை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜீப் கண்ணாடிக்கு முன்னால் மீன் போயிற்று. வைப்பர் ஒதுக்கியதும் அது கோபமாகத் திரும்பிப் பார்த்தது. ஜீப்பை நிறுத்தி நடக்க ஆரம்பித்ததும் அட்டைகள் வரிசையில் வந்தன. பழைய பழக்கத்தில், “உள்ளே தள்ளிப் போங்க, படியில தொங்காதீங்க” என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டி, ஓசியில் பயணம் செய்தவற்றை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன்.

“அசையாதே!” என்றாள் அக்கா.

பாம்பு என்று நினைத்து நான் மூச்சையும் நிறுத்திவிட்டேன். அக்கா என் காலடியில் குப்புறப் படுத்தாள். எழுபதைத் தாண்டியவள், சேற்றில், புடவையும் மழைக்கோட்டுமாக. என் இரண்டு ஷூக்களுக்கும் நடுவே இலைச்சருகு விலகியிருந்தது. அங்கே மூன்று ஆரஞ்சுக் கூஜாக்கள், யாரோ விளையாட வைத்துவிட்டு மறந்துபோனதுபோல் நின்றன.

அக்கா அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றித் துடைத்தாள். மழை பெய்யும்போது கண்ணாடி துடைத்து என்ன பிரயோஜனம்?

நானும் குனிந்து பார்த்தேன். “அக்கா, கைப்பிடி இல்லையே? நூல் மூணும் தனித்தனியா நிக்குதே?”

அக்கா மழைக்கோட்டின் கையால் பூவுக்குக் குடை பிடித்தாள். பிறகு, “மழைத்துளி விழுந்து பிரிஞ்சிருக்கும்” என்றாள்.

‘இருக்கும்’ என்ற சொல் என் அக்காவின் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன்.

மூன்றில் ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து, மண்ணை ஊதி ஊதி உதிர்த்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டாள். இந்தச் சாதிச் செடியைத் தாளுக்கிடையில் வைத்து அழுத்தினால் கறுத்துக் கறையாகிவிடுமாம். மற்ற இரண்டையும் படமெடுத்துவிட்டு, பழையபடி சருகால் மூடினாள். பிள்ளைக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. கீழே இறங்கும் வழியில் செல்போனில் சிக்னல் கோடு தெரிந்ததும் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்காமல் எதையும் எதுவென்று சொல்லாதவள், அன்று பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போனில் சொன்னாள்:

“கிடைச்சிடுச்சுங்க.”

அந்தப் பக்கம் மெஷினின் பெருமூச்சு மட்டும் கேட்டது. பிறகு அத்தானின் குரல்: “வழுக்கும். மெதுவா வாங்க.”

மறுநாள் காலையில், வீட்டுக்குப் போகாமல் நேராகக் கட்டடத்துக்குப் போனோம். ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கென்று விட்டுவைத்திருந்த மேஜையில், அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் புலி துரத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது புலி இரண்டாகியிருந்தது. அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“இதுல பாரு. நூலோட நுனி.”

பார்த்தேன். நூலின் நுனி குட்டி உருண்டையாக, வழுவழுவென்று இருந்தது.

“கிழிஞ்ச தடம் இருக்கா?”

“இல்லக்கா.”

“மூணு நூல்லயும் இல்ல. போட்டோவுல இருக்கிற ரெண்டு பூவும் அப்படித்தான். இது சேர்ந்திருந்து பிரிஞ்சதில்லடா. என்னிக்குமே சேரல.” கண்ணாடியைக் கழற்றினாள். “புதுசுதான். இப்படி ஒண்ணை யாரும் எழுதினதில்ல. ஆனா அவரோடது இல்ல.”

அப்போது பார்த்து இப்போதைய தலைவரான பெண்மணி, கை நிறையப் பூங்கொத்தும் பின்னால் ஒரு பட்டாளமுமாக உள்ளே வந்தாள். “அப்ப காளான் சார் சொன்னது நிஜம்தானா மேடம்!” என்று அக்காவைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா பூங்கொத்தை, யாருடையதோ குழந்தையைத் தூக்கிவைத்திருப்பது மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனதும் சொன்னாள்: “நீ வீட்டுக்குப் போ. அவர் காத்துக்கிட்டிருப்பார். அதேதான்னு சொல்லு.”

“நானா?”

“எனக்கு வராது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார். உனக்குத்தான் நல்லா வருமே.” சொல்லிவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். பார்ப்பதற்கு அங்கே இனி எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

வாழ்நாள் முழுக்க நான் பண்ணிய பயிற்சிக்குப் பரீட்சை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

அத்தான் சவரம் செய்து முடித்திருந்தார். வீட்டுக்கு வந்துபோகிற நர்ஸ் உதவியிருப்பாள் போலிருக்கிறது. மோவாயில் ஒரு சின்ன வெட்டு. இஸ்திரி போட்ட சட்டை. அந்தச் சட்டை தோளில் மாட்டியதுபோல் இல்லை, ஹேங்கரில் தொங்கியதுபோல் இருந்தது. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அந்தப் பழைய பென்சில் படம், கைப்பிடியோடு.

“வா மாப்ளே. பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு அத்தான். அதேதான்.”

“கைப்பிடி?”

“இருக்கு. மூணு நூலும் மேல சேர்ந்திருக்கு.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது. அத்தான் என்னையே பார்த்தார்.

“கட்டடத்துல என்ன சொன்னாங்க?”

“சந்தோஷப்பட்டாங்க.”

“காட்டுல யானை கீனை வரலையா?”

“வரலை அத்தான்.”

“புலி?”

இல்லையென்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரத்தில் பழைய சிரிப்பு.

“மாப்ளே, நீ தெருமுனைக் கடைக்குப் போய் பிரெட் வாங்கிட்டு வந்தாலே, வழியில ஒரு கொலையாவது நடந்திருக்கும். இன்னிக்கு ஒண்ணுமே நடக்கலன்ற. அப்ப வேற செடி. அப்படித்தானே?”

யானையை அவிழ்த்துவிட இப்போதாவது வாயைத் திறந்தேன். ஒரு எறும்புகூட வரவில்லை.

“நூல் தனித்தனியா நிக்குதா?”

“ஆமா அத்தான்.”

“அழகா இருக்கா?”

“ரொம்ப.”

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். குழாயைச் சரிசெய்துகொண்டு, நின்று நின்று பேசினார்.

“உங்க அக்காகிட்ட சொல்லாத விஷயம் ஒண்ணு சொல்றேன். ரொம்ப வருஷமா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எல்லாரும் காளான் காளான்னாங்களா... நிஜமாவே காளானைத்தான் பார்த்தேனோ, படம் வரையும்போது நானே கைப்பிடியைச் சேர்த்துட்டேனோன்னு. அவ ஒவ்வொரு மழைக்கும் கிளம்பறப்ப, போகாதேன்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா, நான் நம்பலன்னு ஆயிடுமே. அதனால டயர் பார்த்துக்கோங்கன்னு மட்டும் சொல்வேன்.”

“அத்தான்...”

“இப்ப அந்தச் செடிக்குப் பங்காளி ஒருத்தன் கிடைச்சிட்டான்ல? அப்ப என்னோடதும் இருந்திருக்கும்.” சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். “நான் நம்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிடு. இதையாவது ஒழுங்கா சொல்லு. ஒரு யானையையாவது சேர்த்துக்கோ.”

அக்கா மத்தியானம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணால் கேட்டாள். “நம்பிட்டார்க்கா. சந்தோஷத்துல கட்டில் ஒரு அடி மேல எழும்பிச்சு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அக்கா அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. முகம் கழுவப் போய்விட்டாள்.

ஆனால் அத்தான் பிடிவாதமாக ஒன்று கேட்டார். புதுச் செடியை அச்சில் அறிவிக்கும்போது கூடவே படம் வர வேண்டும். அதை அவர்தான் வரைவாராம்.

“போட்டோ போதுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றாள் அக்கா.

“போட்டோவுல எவனுக்கு ரோமம் தெரியும்? கொண்டா.”

மறுக்க அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. கட்டடத்திலிருந்து மைக்ராஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலில் சாப்பாட்டுப் பலகை மேல் வைத்தோம். பூவை அவர் பார்வைக்கு வைத்துவிட்டு அக்கா விலகினாள். குனிந்ததும் தெரிந்துவிடும், அந்த நிமிஷம் அவர் முகம் என்ன ஆகும் என்று பயந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அத்தான் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். “பென்சில்” என்றார். அவ்வளவுதான்.

மத்தியானங்களில், மூச்சு ஒத்துழைக்கும்போது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தார். பென்சிலைப் பிடித்தவுடன் நடுக்கம் நின்றுவிடும். வைத்தவுடன் திரும்ப வரும். நான் டீ போட்டுக் கொடுத்தேன். டீ ஆறிவிடும், சூடாக்கிக் கொடுப்பேன், மறுபடி ஆறிவிடும். அந்த மழைக்காலத்தில் நான் சூடாக்கிய டீயில் ஒரு குளமே நிரப்பலாம். அக்கா அறைக்குள் வருவதும் போவதுமாக இருந்தாள். தாளைப் பார்க்க மாட்டாள்.

முடித்த அன்று அவரே கூப்பிட்டார். “இந்தா, பார்த்துச் சொல்லு.”

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினாள். கூஜா இருந்தது. உள்ளே குத்துவிளக்குத் திரிகள் மாதிரித் தொங்கும் மகரந்தத் தாள்கள் இருந்தன. வாயிலிருந்து எழும்பிய மூன்று நூல்களும் தனித்தனியே, ஒன்றையொன்று தொடாமல், நுனியில் குட்டி உருண்டையோடு நின்றன. அந்த உருண்டைகளின் வழுவழுப்பைக் காட்ட எவ்வளவோ மெனக்கெட்டிருந்தார். அதே செடி என்று நம்புகிற மனுஷன் கைப்பிடியைத்தான் வரைந்திருப்பார். உடைந்த நுனியையாவது வரைந்திருப்பார்.

அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அத்தான் அக்காவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நூல் சரியா வந்திருக்கா?” என்று கேட்டார்.

“சரியா வந்திருக்குங்க.”

“அப்ப சரி. தூங்கறேன்.”

அக்கா போர்வையை இழுத்து விட்டாள். நான் ஆறின டீயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

டாக்டர் வாயைத் திறக்காத அந்த மழையின் முடிவை அத்தான் பார்க்கவில்லை. ஆக்ஸிஜன் மெஷினை வாடகைக்காரர்கள் வந்து எடுத்துப்போன பிறகு, வீட்டில் பெருமூச்சு விடுவது யார் என்று நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

புதுச் செடிக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு மரியாதை. படம் வரைந்தவர் பெயரை வைக்கத் தடையில்லை. அக்கா அத்தான் பெயரையே வைத்தாள். கட்டுரையின் கடைசியில் ஒரு வரியும் எழுதியிருந்தாள். இதே மலைத்தொடரில், நூல்கள் மேலே சேர்ந்திருக்கும் இன்னொரு செடியை இன்னார் பார்த்திருக்கிறார் என்று. பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. எல்லாம் அருமை, கடைசி வரிக்கு மட்டும் மாதிரி இல்லாததால் நீக்கிவிடவும் என்று. அக்கா இரண்டு முறை சண்டை போட்டாள். அச்சில் அந்த வரி வரவில்லை.

ஆக, உலகத்துக் கட்டடங்களிலெல்லாம் இப்போது அத்தான் பெயரில் ஒரு செடி இருக்கிறது. அதை அவர் காட்டில் பார்த்ததே இல்லை. அவர் பார்த்த செடி எங்கேயும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன.

இந்த வருஷமும் மழை தொடங்கியதும் அக்கா டயரைப் பார்க்கச் சொன்னாள். அதே காட்டில், போன முறை மரத்தடியில் போர்த்திவிட்டு வந்த இரண்டும் இல்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். மண்ணைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும், தோண்டினால் செத்துவிடும். அக்கா தோண்டவில்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அட்டைகளை இறக்கிவிட ஆரம்பித்தேன்.

“டேய்.”

“என்னக்கா?”

“அன்னிக்கு அவர்கிட்ட என்ன சொன்ன? அவர் என்ன சொன்னார்?”

அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள். மழைக்கோட்டின் தொப்பிக்குள் அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது.

“சொன்னதும் குழாயைப் பிடுங்கி வீசிட்டு எழுந்து உட்கார்ந்துட்டார்க்கா. அந்த நெத்திக் கண்ணாடித் தலைவரை போன்ல கூப்பிடுன்னார். அந்தாளு செத்துப் போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு அத்தான்னேன். பரவாயில்ல, போடுன்னார். போட்டேன். மணி அடிச்சுது. யாரோ எடுத்தாங்க...”

அக்கா “பொய்” என்று சொல்வதற்காக நான் ஒரு இடைவெளி விட்டேன். எப்போதும் அங்கேதான் சொல்வாள்.

சருகின் மேல் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. போன முறை போர்த்திவிட்டுப் போன இடத்தையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.